இருமல் பக்கம்

என் அண்ணியின் குரலைக் கேட்காத ஆள் இந்த ஊரிலேயே கிடையாது. ஆனால் கடைத்தெருவில் அவள் எதிரே வந்தால் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யாருடைய குழந்தை விசாரணை ஜன்னலுக்கு முன்னால் அழுதுகொண்டு நிற்கிறது என்று பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். தேன் மாதிரி குரல் என்பார்கள். வண்டியைத் தவறவிட்டவன்கூட அந்தக் குரலில் அதைக் கேட்டால் கோபப்படாமல் பெட்டி மேல் உட்கார்ந்துவிடுவான்.

அந்தத் தேனை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்! "எவன் ஈரத் துண்டை நாற்காலி மேல போட்டது?" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் எதிர்வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். தகரத்தை இழுத்த மாதிரி இருக்கும். "நல்ல குரலை எல்லாம் ஊருக்குக் குடுத்துட்டு எங்களுக்கு இதுதானா?" என்று அண்ணன் கேட்பான். "அதுக்குச் சம்பளம் தர்றாங்க. நீங்க ஓசிதானே, இது போதும்" என்பாள். அண்ணன் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவான். நான் அவர்கள் வீட்டு முன்னறையில் தையல் எந்திரத்தைப் போட்டுக்கொண்டு அவர்களோடேயே இருக்கிறவள். சண்டை வந்தால் எப்போதும் அண்ணி கட்சி.

அண்ணியிடம் ஒரு குணம் உண்டு. கையில் கொடுத்த காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே படிப்பாள். ஒரு சொல் கூட்ட மாட்டாள், ஒரு சொல் குறைக்க மாட்டாள். என்ன படித்தோம் என்பதும் அவளுக்கு நினைவிருக்காது. "கண்ணு படிக்கும், வாய் சொல்லும். நான் அந்த நேரத்துல சாயங்காலம் என்ன சமைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எங்கள் வழிபாட்டுக் கூடத்தில் மறைநூல் வாசிக்க அவளைப் பிடித்து நிறுத்தியதும் இந்தக் குணத்துக்காகத்தான். மறைநூலை நாங்கள் பெரிய புத்தகம் என்போம். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாரா வாரம் வரிசையாக வாசித்து முடிக்க வேண்டும். எதையும் தாண்டக் கூடாது, எதையும் சேர்க்கக் கூடாது. சேர்க்கிறவன் வாய் கரிந்துபோகும் என்று வாசிப்பு மேடையிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு பகுதி வரும். அது வந்தால் கூடத்தில் எல்லோரும் இரும ஆரம்பித்துவிடுவார்கள். தொண்டையில் ஒன்றும் இல்லாதவர்களும் இருமுவார்கள். மூக்கைச் சிந்துவார்கள், குழந்தைகளை வெளியே கூட்டிப்போவார்கள், நாற்காலியை நகர்த்துவார்கள். வாசிக்கிறவளும் குரலைத் தாழ்த்தி, மூச்சு விடாமல் ஓட்டிவிடுவாள். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. "இருமல் பக்கம் வருது, தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று வாசலில் நிற்கிறவர்கள் கேலி பேசுவார்கள். என்னைக் கேட்டால் அதில் ஏதோ மாடு, கன்று, எல்லைக்கல் சமாச்சாரம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அண்ணியும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

படுக்கையில் கிடக்கிறவர்கள் வீட்டிலிருந்தே கேட்கட்டும் என்று பெரிய புத்தகம் முழுவதையும் அண்ணியின் குரலில் பதிவு செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. செலவை ஏற்றுக்கொண்டவர் கண்ணாடிக்கடைக்காரர். கூடத்துக்கு ஜன்னல் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர், கூரையும் அவர் உபயம்தான். பதிவு செய்ய வந்தவர் கல்யாண வீடியோ எடுக்கிறவர், எங்கள் கூடத்து ஆள் அல்ல. அவருக்கு இந்த இருமல் வழக்கமெல்லாம் தெரியாது. அண்ணி அந்தப் பக்கம் வந்ததும் பழக்கதோஷத்தில் ஓட்ட ஆரம்பித்திருக்கிறாள். "அக்கா, ஏன் ஓடுறீங்க? எல்லாத்தையும் ஒரே மாதிரி நிறுத்தி நிதானமா படிங்க" என்று அவர் திரும்பப் படிக்க வைத்துவிட்டார். அண்ணியும் படித்துக் கொடுத்துவிட்டு வந்து, "வீடியோக்காரர் உயிரை வாங்கிட்டார்டி" என்று காலை நீட்டிப் படுத்தாள். அந்தப் பக்கங்கள் முதன்முதலாக இருமல் இல்லாமல், நிதானமாக, தேன் குரலில் உலகத்துக்குள் வந்தது அப்படித்தான்.

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் திரைச்சீலை தைக்க அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலேயே போனேன். முன்னறை ஜன்னலுக்கு அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்கட்டிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அண்ணி இந்த நேரத்தில் வேலைக்கல்லவா போயிருப்பாள் என்று எட்டிப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே அலமாரியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதற்கு முன்னால் என் வயதுப் பெண் ஒருத்தி கைகட்டி, தலைகுனிந்து நின்றாள்.

"விலைக்கு வந்தவள் வீட்டுக்காரனுடைய கை. கை தன் தோளை விட்டுப் போகுமோ? அடிமை பெற்ற பிள்ளை வீட்டுக்கே உரியது. ஓடிப்போகிறவள் மனிதனிடமிருந்து ஓடவில்லை, கடவுளிடமிருந்து ஓடுகிறாள்." என் அண்ணி, துண்டுக்காக ஊரைக் கூட்டுகிற என் அண்ணி, அவ்வளவு இனிமையாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னம்மா கேட்டுக்கிட்டிருக்கீங்க?" என்றேன்.

"காலைக் கட்டளை. இதைக் கேட்டு முடிச்சுட்டுத்தான் வேலை ஆரம்பிக்கணும்."

"இங்க ரொம்ப நாளா வேலை பாக்குறீங்களா?"

"வேலையா?" அந்தச் சொல் அவளுக்குப் புதிதாக இருந்தது. "நான் இங்கயே பொறந்தவங்க. எங்கம்மாவை ஐயாவோட அப்பா வாங்கிட்டு வந்தாங்க."

வாங்கிட்டு வந்தாங்களாம்! கத்தரிக்கோல் வாங்கி வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். என் கையிலிருந்த நாடா கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, சுருட்டி, என் கையில் வைத்தாள்.

"சம்பளம் குடுக்குறாங்களா?"

"அது வெளியாளுங்களுக்குத்தானே."

"உள்ள வச்சுப் பூட்டுறாங்களா?"

"முன்னாடி பூட்டுவாங்க. நான் ஒரு தடவை தெரு வரைக்கும் ஓடியிருக்கேன். அப்பல்லாம் எனக்குப் புத்தி கிடையாது." ஒலிபெருக்கியைக் கண்ணால் காட்டினாள். "இந்தம்மா சொல்ல ஆரம்பிச்சதுக்கப்புறம் பூட்டுறதே இல்லீங்க."

அதற்குள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டாள். "ஏ இந்தா, அடுப்பைப் பாரு" என்று அவளை விரட்டினாள். அந்த வீட்டில் அவளுக்கு "இந்தா"வைத் தவிர வேறு பெயர் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "உங்க அண்ணி குரல்தான். என்ன சுகமா இருக்கு பாருங்க!" என்று சிரித்தாள்.

"இது சட்டப்படி குத்தம், தெரியுமாங்க உங்களுக்கு?"

"சட்டம் நேத்து வந்ததுங்க. புத்தகம் எப்ப வந்தது? பட்டினி போடுறோமா, அடிக்கிறோமா? எங்க மக மாதிரி வச்சிருக்கோம்."

"உங்க மக எங்க?"

"மேல தூங்குறா" என்றாள், கொஞ்சம்கூடக் கூசாமல்.

அளவும் வேண்டாம், திரைச்சீலையும் வேண்டாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் அண்ணி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். முதலில் அவள் நம்பவே இல்லை. "போடி, உனக்கு எப்பவும் மூக்குக்கு மேல கோபம். அதுல அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. அது மாடு கன்னு சமாச்சாரம்" என்றாள். பெரிய புத்தகத்தை எடுத்துப் பிரித்து, தொண்டையைச் செருமி, கூடத்துக் குரலில் படிக்கத் தொடங்கினாள். அது பாட்டுக்கு ஓடியது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாய்விட்டுப் படிக்காதீங்க அண்ணி. மனசுக்குள்ள படிங்க" என்றேன்.

சின்னப் பிள்ளை மாதிரி வரியின் கீழே விரலை வைத்துப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடி அங்கேயே நின்றது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதை நான் படிச்சேனா?"

"ரொம்ப அழகா படிச்சிருக்கீங்க."

"அய்யய்யோ! எத்தனை வருஷமாடி இதைப் படிச்சுக்கிட்டிருக்கேன்! ஒருத்தர்கூட ஏன் சொல்லல?"

யார் சொல்வது, எல்லோரும்தான் இருமிக்கொண்டிருந்தோமே. அண்ணி செருப்போடு அப்படியே எழுந்து கூடத்துக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கூடத்தில் வாசித்ததற்கெல்லாம் விளக்கம் சொல்கிறவர் உரைகாரர். மெலிந்த மனிதர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். அண்ணி சொல்லச் சொல்லக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, அது அந்தக் காலத்துக்காரங்களுக்குச் சொன்னது" என்றார்.

"அந்தக் காலத்துக்கு மட்டும்தான்னு அதுல எங்கயாவது எழுதியிருக்காங்களா ஐயா?"

"எழுதலதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. அப்ப உலகம் பூராவும் அடிமை வச்சிருந்தான். அடிச்சுக் கொன்னாக்கூடக் கேக்க நாதியில்ல. இந்தப் புத்தகம்தான் முதல்ல வந்து, எலும்பை உடைக்காதே, பசிக்கு விடாதேன்னு சொன்னது. அது எவ்வளவு பெரிய இரக்கம்!"

"எலும்பை உடைக்காதேன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, ஆளை வச்சுக்காதேன்னு சொல்லத் தெரியலையா?"

உரைகாரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எல்லா உயிரும் ஒரே மூச்சிலிருந்து வந்தது என்று புத்தகத்தின் முதல் பக்கம் சொல்கிறதே, அதை வைத்துத்தான் மற்றதைப் படிக்க வேண்டும் என்றார். நல்ல வார்த்தைதான். "அப்ப அதையே இந்த வாரம் கூடத்துல எழுந்து சொல்லுங்க. இருமல் பக்கம் இனி யாருக்கும் செல்லாதுன்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி. அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அது யார் போட்ட கூரை என்று எங்களுக்கும் தெரியும். "கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதும்மா" என்றார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் போலீஸுக்குப் போகலாம் என்றேன். "போகத்தான் போறோம். ஆனா அவங்க வந்து கேட்டா அந்தப் பொண்ணு என்ன சொல்லும்? இஷ்டப்பட்டுத்தான் இருக்கேன்னு சொல்லும். அப்படிச் சொல்ல வச்சதே நான்தானே" என்றாள். முதலில் அவளை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நேரே அந்த வீட்டுக்குப் போனோம். கண்ணாடிக்கடைக்காரர் கடையில் இருந்தார். வீட்டுக்காரம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். பின்கட்டுக் கதவு ஒருக்களித்துத்தான் கிடந்தது. அந்தப் பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எழுந்திரு, எங்ககூட வா. உன்னை இங்க வச்சுக்க யாருக்கும் உரிமை கிடையாது" என்றாள் அண்ணி. அவசரத்தில் வந்தது வீட்டுக் குரல்தான், தகரக் குரல்.

அவள் மிரண்டு என்னைப் பார்த்தாள். "யாருங்க இவங்க?"

"இவங்கதான் அந்தக் குரல். காலையில நீங்க கேட்டீங்களே, அது இவங்கதான்."

"சும்மா சொல்லாதீங்க" என்று சிரித்தேவிட்டாள். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அண்ணி மூச்சை இழுத்துவிட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள். வேறு ஒன்றும் அந்த நேரத்தில் அவள் வாயில் வரவில்லை. சிரிப்பு வர வேண்டிய இடம். ஆனால் அந்தப் பெண் துணியைப் போட்டுவிட்டு எழுந்து, கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, நான் ஒரு தப்பும் பண்ணலீங்களே."

அதைப் பார்த்து அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, கெஞ்சி, அதட்டி, வீட்டுக் குரலில் என்னென்னவோ சொன்னாள். நான் புரியாமல் படித்தேன், என்னை நம்பாதே, கதவு திறந்துதான் கிடக்கிறது என்றெல்லாம் சொன்னாள். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "இது நீங்க சொல்றதுங்க. அது கடவுள் சொல்றது. நான் எப்படிம்மா வர முடியும்?" என்றாள்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. வீட்டுக்காரம்மா புரண்டு படுக்கிறாள். எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்து மேடையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள். அந்தக் குரல் வந்தது.

"வீட்டில் பிறந்தவளே, கேள். உன் தாயை விலைக்கு வாங்கியவன் என்னிடம் வாங்கவில்லை. நான் ஒருவரையும் விற்கவில்லை. எழுந்து வாசலைத் தாண்டு. உன் பின்னால் ஒரு பாவமும் வராது. பாவம் இருந்தால் அது உன்னை வைத்திருந்தவனைச் சேரும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்ன வயதிலிருந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு வசனம் பெரிய புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. பேருந்து நிலையத்திலேயே ஒரு சொல் கூட்டிச் சொல்லாதவள், கடவுளின் பெயரில் கூட்டிவிட்டாள்! உதடு துடித்தது. உண்மையிலேயே வாய் கரியப்போகிறது என்று காத்திருக்கிறவள் மாதிரி கண்ணைத் திறக்காமலே நின்றாள்.

அந்தப் பெண் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பின்வாசலில் இருந்த குப்பைத்தொட்டி வரைக்கும் எங்களுக்கு முன்னாலேயே நடந்தாள். அவள் பழகிய எல்லை அதுதான் போலிருக்கிறது. அங்கே கொஞ்சம் தயங்கி, பிறகு தெருவில் காலை வைத்தாள். நாங்கள் அவளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டில் அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் தரையில்தான் உட்கார்ந்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவ எழுந்தவளை நான் பிடித்து உட்கார வைத்தேன். அப்போது அவள் அண்ணியிடம் கேட்டாள்: "அம்மா, நீங்க சொன்னது எந்தப் பக்கத்துல வருது? இனிமே தினம் காலையில அதைக் கேக்கணும்."

நானாக இருந்தால் ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லி மழுப்பியிருப்பேன். அண்ணியால் முடியவில்லை. அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "அது புத்தகத்துல இல்லம்மா. நானா சொன்னேன்" என்றாள்.

"பொய்யா?"

"புத்தகத்துல இருக்குன்னு உன்னை நம்ப வச்சது பொய். சொன்னது பொய் இல்ல."

அந்தப் பெண் எழுந்துகொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. வாசல் பக்கம் திரும்பி நின்றாள். போனால் போனதுதான், இனி எந்தக் குரலுக்கும் வர மாட்டாள் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது. பிறகு திரும்பி, எந்தக் கோபமும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"அப்ப காலையில கேட்டுக்கிட்டிருந்ததும் இப்படித்தானா? அதுவும் யாரோ ஒருத்தர் தானாச் சொன்னதுதானா?"

கேள்வி என்னமோ அந்தப் பெண்ணுடையதுதான். அடி விழுந்தது அண்ணிக்கு. பிறந்ததிலிருந்து நம்பிய புத்தகம். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது. இருட்டக்கூட இல்லை, கண்ணாடிக்கடைக்காரர் வந்துவிட்டார். சத்தம் போடவில்லை, எங்களைத் திட்டவும் இல்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வாசலில் நின்று, கைப்பேசியை உயர்த்திப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினார். "விலைக்கு வந்தவள் வீட்டுக்காரனுடைய கை" என்று என் அண்ணியின் குரல் வீட்டுக்குள் வந்தது. அடப் பாவி மனுஷா! ஆளைக் கூப்பிட வந்தவன் ஒரு வார்த்தைகூடத் தன் வாயால் பேசவில்லை.

அந்தப் பெண்ணின் கைகள் தானாகக் கட்டிக்கொண்டன. தலை குனிந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் குறுக்கே போனேன், அண்ணி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

"நிறுத்துங்க அதை."

"ஏம்மா, உன் குரல்தானே?" என்றார் அவர், மிகவும் பொறுமையாக. "இல்ல, நீயா கூட்டிச் சொன்னியா? புத்தகத்துல இருக்கா, இல்லையா? நீயே சொல்லு."

அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கிற அந்தத் தகரக் குரலில் சொன்னாள்:

"இருக்கு. எல்லாம் இருக்கு. தப்பா இருக்கு."

எங்கள் கூடத்தில் யாரும் சொல்லிக் கேட்டிராத வார்த்தை அது. கைப்பேசி மட்டும் தேனாகப் பேசிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் அண்ணியின் முகத்தையும் அந்தக் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டியிருந்த கைகள் மெல்ல விலகின.

"நான் வரலீங்கய்யா" என்றாள். சொல்லிவிட்டு அண்ணியைத் தாண்டிப் போய், அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.